வலைக்கண்

மாமல்லபுரத்துக் கடற்கரையிலே வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவரிடம் கேட்டுப் பாருங்கள்: "பெரியவரே, வலைக்கு ஏன் இவ்வளவு அகலமான கண்?" அவர் சிரித்துவிட்டுச் சொல்வார்: "குஞ்சு தப்பட்டும், பெரியது மாட்டட்டும் என்றுதான்." பள்ளிக்கூடத்திலே படித்த நீதியல்ல அது. கடலோடு பிறந்து கடலோடு வாழ்கிறவர் கண்ட நீதி.

சட்டம் என்று இன்னொரு வலை இருக்கிறது. அதைப் பின்னியவர்கள் பட்டம் பெற்றவர்கள். விரிப்பவர்கள் சீருடை அணிந்தவர்கள். ஆனால் அந்த வலையிலே நடப்பதோ தலைகீழ்! குஞ்சு சிக்கித் துடிக்கிறது. சுறா அறுத்துக்கொண்டு போகிறது. போன சுறாவுக்கு மாலை மரியாதையும் கிடைக்கிறது.

இன்று இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். கூடுவாஞ்சேரித் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டனர். மறைமலை நகர்ப் பட்டறைகளிலே வேலை பார்ப்பவர்கள். விடியற்காலை ரயிலைப் பிடித்து, இரவு ரயிலில் வீடு திரும்புகிறவர்கள். அவர்கள் கேட்டது இதுதான்:

"நம் ஊர்ப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே சிவப்பு விளக்குத் தெருக்கள் போலீசுக்குத் தெரிந்தே நடக்கின்றனவாம். போனால் ஒன்றுமில்லை என்று ஏஜெண்டே சொல்லி அனுப்புகிறான். இங்கேயோ லாட்ஜில் சோதனை, கைது, பத்திரிகையில் படம்! அங்கே சரியென்றால் இங்கே ஏன் தவறு? இங்கே தவறென்றால் அங்கே ஏன் சரி?"

நேர்மையான கேள்வி. "இதெல்லாம் பேசலாமா?" என்று முகம் சுளித்து ஒதுங்கிப் போக நமக்கு மனமில்லை. பேசாமல் மூடி வைத்ததால்தான் இந்தப் புண் புரையோடிப் போயிருக்கிறது. ஆகவே பேசுவோம்.

முதலில் சிங்கப்பூர். அந்நாட்டின் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் 1961ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாதர் சாசனம் இருக்கிறது. விபசார விடுதி நடத்துவது அதன்படி குற்றம். ஒரு பெண்ணின் அத்தகைய வருவாயில் பிழைப்பது குற்றம். பொது இடத்திலே நின்று அழைப்பதற்கும் தடை உண்டு. ஆனால் உடலை விற்பது மட்டும் தனியே ஒரு குற்றமாக எழுதப்படவில்லை. இது ஏட்டிலே உள்ள சட்டம்.

தெருவிலே உள்ள சட்டம் வேறு. கேலாங் பகுதியிலும், நம்மவர் ஞாயிறுதோறும் கூடும் தேக்காவுக்கு அடுத்த டெஸ்கர் சாலையிலும் அந்த விடுதிகள் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கின்றன. போலீசார் கண் பார்வையிலே, மருத்துவச் சோதனையோடு, இன்ன தெரு என்ற வரம்போடு நடந்து வந்திருக்கின்றன. அடியோடு ஒழிக்கப் பார்த்தால் மறைவிலே பெருகும், ஆகவே ஓரிடத்தில் வைத்துக் கண்காணிப்பதே மேல் என்பது அந்த அரசு சொல்லும் காரணம். அந்தக் காரணத்திலே பொருள் உண்டா இல்லையா என்பதை அந்நாட்டு மக்கள் முடிவு செய்யட்டும். நாம் கேட்பது வேறு: அந்தக் கண்டுகொள்ளாமை எல்லோருக்கும் ஒரே மாதிரியா?

இல்லை!

ஐந்து நாள் சுற்றுலாவுக்கு வந்த சீமான் அந்தத் தெருவில் நடந்தால் வேடிக்கை பார்க்க வந்தவர். விமானம் ஏறினால் கதை முடிந்தது. அதே தெருவில் நடக்கும் கட்டடத் தொழிலாளியின் சட்டைப் பையிலே பெர்மிட் இருக்கிறது. அந்தப் பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் ரத்து செய்தால் முடிந்தது வேலை. அதன் நிபந்தனைகளுக்குள்ளே சட்டவிரோதமான, ஒழுக்கக்கேடான, விரும்பத்தகாத காரியங்களில் ஈடுபடலாகாது என்று ஒரு வரியும் இருக்கிறது. எது விரும்பத்தகாதது? யாருக்கு? கையிலே ரப்பர் முத்திரை வைத்திருப்பவர் சொல்வதுதான் பொருள். ஆகவே "அங்கே ஒன்றுமில்லை" என்று ஏஜெண்ட் சொன்னது சுற்றுலாக்காரனுக்குப் பொருந்தும். அவன் அனுப்பிவைத்த தொழிலாளிக்குப் பொருந்தாது. அடகுக் கடையிலே தாலிச் சங்கிலியை வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி, கடல் கடந்து போனவனுடைய வாழ்வு அந்த ஒரு வரியிலே தொங்குகிறது!

அங்கே நிற்கும் பெண்ணின் கதி இன்னும் கொடிது. அவள் வெளிநாட்டவளாயின், விபசாரம் செய்பவர் நாட்டுக்குள் இருக்கலாகாதவர் என்று குடிநுழைவுச் சட்டம் சொல்கிறது. பிடித்த அன்றே அவள் வேண்டாதவள். அவளை அழைத்து வந்தவன், அறையை வாடகைக்கு விட்டவன், பணத்தை எண்ணியவன் ஆகிய மூவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். அவளைத் தேட வேண்டியதில்லை. அவள் விளக்கின் கீழேயே நிற்கிறாள்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாளை நினைவுபடுத்த விரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை இரவு. தேக்காவிலே தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு மாண்டார். கூட்டம் கொதித்தது, கலவரம் மூண்டது, வண்டிகள் எரிந்தன. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மீது வழக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேற்றம். கலவரம் சரியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு விசாரணைக் குழுவின் முன் அந்நாட்டுப் போலீஸ் ஆணையரே சொன்னது என்ன? தேக்காவைவிடக் கேலாங்தான் தமக்கு அதிகக் கவலை தருகிறது என்றார்! அப்படியிருந்தும் 2014இல் தனிச் சட்டம் முதலில் வந்தது எங்கே? வியர்வை சிந்துகிறவன் வாரத்துக்கு ஒருநாள் கூடிப் பேசும் தேக்காவுக்கு. 2015இல் வந்த மதுக்கட்டுப்பாட்டுச் சட்டத்தில்தான் தேக்காவும் கேலாங்கும் ஒருசேரத் தனி வட்டாரங்களாயின.

ஒரு கண்ணிலே வெண்ணெய், ஒரு கண்ணிலே சுண்ணாம்பு என்பார்களே, அது நம் கிராமத்துக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிகிறதல்லவா?

அடுத்து தாய்லாந்து. அங்கே 1960ஆம் ஆண்டிலேயே விபசாரத்துக்குத் தடை விதித்தார்கள். ஆறே ஆண்டுகள் கழித்து, 1966இல், கேளிக்கை விடுதிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்த கதை! 1967இல் வியட்நாமிலே போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுத்துக் களிக்க வர இரு நாட்டு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டன. மீன்பிடி ஊராக இருந்த பட்டாயாவின் முகம் மாறியது. 1996இல் பழைய தடைச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய தடைச் சட்டம் போட்டார்கள். தடையும் இருக்கிறது, தெருவும் இருக்கிறது. தெருவில் அழைத்த பெண்ணுக்கு ஆயிரம் பாட் வரை அபராதம். தெருவின் வருமானமோ யார் யார் பையிலோ!

நம் கடற்கரையும் மீனவர் கடற்கரைதான். வெளிநாட்டுப் பயணிகள் வந்து போகும் கடற்கரைதான். பட்டாயாவின் கதையைக் கோவளத்து மக்களும் மாமல்லபுரத்து மக்களும் ஒரு தரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஓலைக் குடிசைகள் ஒரே நாளிலே சிவப்பு விளக்காக மாறுவதில்லை. வறுமை முதலில் வருகிறது. தரகன் பின்னால் வருகிறான். காவல் காக்க வேண்டியவர் கண்ணை மூடிக்கொள்வது மூன்றாவதாக வருகிறது.

2023 நவம்பர் முதல் இந்தியருக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அங்கே போய் வந்தனர். குடும்பத்தோடு போனவர் உண்டு. புத்தர் கோயில் பார்க்கப் போனவர் உண்டு. அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் விற்பனை இலக்கை எட்டிய வியாபாரிகளுக்குப் பரிசாகப் பாங்காக் பயணம், மனைவிமார் வேண்டாம், ஆண்கள் மட்டும் என்று ஏற்பாடாகிறதே, அந்தப் பரிசின் பொருள் என்ன என்று யாருக்குத் தெரியாது? போய் வந்த கனவான், மறுவாரம் நம் ஊரிலே ஒரு விடுதியில் சோதனை நடந்த செய்தியைப் படித்துவிட்டு, "நாடு கெட்டுப் போச்சு! இவளுகளை நடுத்தெருவில் நிறுத்த வேண்டும்!" என்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

வெளிநாட்டைப் பார்த்துச் சிரித்தது போதும். நம் முற்றத்துக்கு வருவோம்.

இந்த ஓரவஞ்சனை நமக்குப் புதிதல்ல. செங்கற்பட்டு ஜில்லாவுக்குள் அடங்கியிருந்த பரங்கிமலையிலே வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த காலம் உண்டு. சிப்பாய்களுக்கு நோய் பரவாமல் இருக்க வேண்டும் என்று 1864இல் கண்டோன்மெண்டுச் சட்டமும், 1868இல் தொற்றுநோய்ச் சட்டமும் வந்தன. என்ன செய்தார்கள்? பெண்களைப் பதிவு செய்தார்கள், சோதித்தார்கள், நோய் இருந்தால் பூட்டிய ஆஸ்பத்திரியிலே அடைத்தார்கள். பரங்கிமலையிலும் அத்தகைய ஆஸ்பத்திரி இருந்தது. நோயைக் கொண்டு வந்த சிப்பாயை எந்தச் சட்டம் பதிவு செய்தது? எந்தக் கதவு பூட்டியது? ஒன்றுமில்லை! 1888இல் அந்தத் தொற்றுநோய்ச் சட்டம் தொலைந்தது. சட்டம் தொலைந்தது, அதன் புத்தி தொலைந்ததா?

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1956இல் நாமே ஒரு சட்டம் செய்தோம். 1986இல் அதைத் திருத்தி இன்றைய பெயரும் வைத்தோம். அதன் 8ஆம் பிரிவைப் படியுங்கள், தோழர்களே! பொது இடத்தில் நின்று அழைத்த பெண்ணுக்கு முதல் தடவை 6 மாதம் வரை சிறை. மறுதடவை ஓர் ஆண்டு வரை. அதே குற்றத்தை ஆண் செய்தால்? குறைந்தது 7 நாள்; கூடினால் 3 மாதம்! இதை நாம் கற்பனை செய்யவில்லை. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கறுப்பு மசியால் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அம்மட்டோ? தண்டனைக்குப் பதிலாக அந்தப் பெண்ணை 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சீர்திருத்த இல்லத்தில் அடைத்து வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆணைச் சீர்திருத்த ஓர் இல்லம்? அவன் ஏற்கெனவே சீராக இருக்கிறான் போலும்!

சட்டத்தில் ஆணைத் தொடும் பிரிவே இல்லையா? உண்டு. கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் இந்தக் காரியம் நடந்தால், 7ஆம் பிரிவின்படி போனவனும் குற்றவாளியே. பெண்ணை இழுத்து வந்து இதில் தள்ளிய தரகனுக்கு 5ஆம் பிரிவிலே 3 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல்; சிறுமியாயின் ஆயுள் வரை. கடத்தி வரப்பட்டவள் என்று தெரிந்தும் ஒருத்தியை அனுபவித்தவனுக்கு 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே தண்டனை வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள நியாய சன்ஹிதாவின் 144ஆம் பிரிவும் அவனுக்குக் குறைந்தது 3 ஆண்டு என்கிறது. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டிலே 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் இருக்கிறது. விபசாரத் தரகு நடத்துவோரையும் அதன்கீழ் காவலில் வைக்கலாம்.

ஆயுதம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆயுதசாலை நிறைய இருக்கிறது. எந்தக் கத்தியை எடுப்பது, யார்மேல் வீசுவது என்பதிலேதான் கை தயங்குகிறது. பெரிய இடத்து விருந்தாளி தங்கும் விடுதியின் வாசலில் அந்தக் கை நடுங்குகிறது. பேருந்து நிலையத்து ஓரத்தில் நிற்பவளிடம் வீரம் காட்டுகிறது.

இதிலே பத்திரிகை உலகத்துக்கும் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நாணயமல்ல. "அழகிகள் சிக்கினர்" என்று கொட்டை எழுத்து! துப்பட்டாவால் முகத்தை மூடி வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் படம்! உடன் பிடிபட்ட ஆண்கள்? "வாடிக்கையாளர்கள் எச்சரித்து அனுப்பப்பட்டனர்." விடுதி உரிமையாளர்? "தேடி வருகின்றனர்." நாலே வரிச் செய்தியிலே நாட்டின் நீதி முழுதும் அடங்கிவிட்டது!

ஆம்ஸ்டர்டாம் நகரத்திலே கண்ணாடிச் சன்னலில் பெண்கள் நிற்கும் தெரு உலகறிந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அந்த நாட்டிலே விடுதி நடத்துவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தொழில். அங்கே போகிறவனுக்கு முதலில் சொல்லப்படும் வழக்கம் எது தெரியுமா? அந்தப் பெண்ணைப் படம் எடுக்காதே என்பதுதான். கூட்டம் கூட்டமாக வழிகாட்டியோடு வந்து அவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்ப்பதையும் 2020இல் நகராட்சி தடுத்தது. அந்த ஊர் முறை முழுதும் சரியென்று நாம் வாதிடவில்லை. அங்கும் கடத்தி வரப்பட்ட பெண்கள் உண்டு, கண்ணீர் உண்டு. ஆனால் "பண்பாடு, பண்பாடு" என்று மார் தட்டும் நாம், பிடிபட்ட பெண்ணைச் சுற்றிக் காமிராவோடு நிற்கிறோம். எது பண்பாடு?

2022 மே 19ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியது. பாலியல் தொழிலில் இருப்பவளும் மனிதப் பிறவி. கண்ணியத்தோடு வாழும் உரிமை அரசியல் சட்டம் அவளுக்கும் தந்தது. போலீசார் அவளை ஏசக்கூடாது, அடிக்கக்கூடாது. சோதனையின்போது அவள் அடையாளத்தைச் செய்தியாளர் வெளியிடக்கூடாது என்ற கருத்துகளை ஏற்று ஆணையிட்டது. சோதனையிலே அந்தப் பெண்ணைக் கைது செய்யலாகாது என்றும் நீதிமன்றம் அமைத்த குழு பரிந்துரைத்திருந்தது. ஆனால் குழுவின் சில பரிந்துரைகளுக்கு மத்திய அரசு தயக்கம் தெரிவித்தது. தயக்கம் எவ்வளவு காலத்துக்கு? அதையும் நாடு கேட்க வேண்டும்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுகிறார்: "அப்படியானால் இந்தத் தொழிலை நீங்கள் ஆதரிக்கிறீர்களா?"

இல்லை, நண்பரே! பசிக்கு உடலை விற்க வேண்டிய நிலையை ஆதரிக்க நமக்கென்ன பைத்தியமா? கோயிலின் பெயரால் பெண்ணைப் பொட்டுக் கட்டி விட்டதை எதிர்த்து இந்த மண்ணிலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக நடந்தார். 1947இல் சட்டம் வந்தது. "புனிதம்" என்றும் "வழக்கம்" என்றும் கூவியவர்கள் தோற்றார்கள். அந்த இரு மாதரசிகளும் போரிட்டது அந்தப் பெண்களுக்காக. அந்தப் பெண்களை எதிர்த்து அல்ல. அந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், ஒழிப்பு என்ற பெயரிலே ஒழிந்து போவது அந்த ஏழைப் பெண் மட்டுமே.

இன்னொரு நண்பர் கேட்கிறார்: "ஒழிக்க முடியாததை ஓரமாக நடக்க விட்டால்தான் என்ன?"

அந்த "ஓரமாக" என்ற சொல்லிலேதான் ஆபத்து இருக்கிறது. சட்டமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் இருப்போம் என்றால், கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு ஒரு விலை ஏற்படும். அந்த விலையை வாங்க ஒரு கை நீளும். கொடுக்க முடிந்தவன் தப்புவான், முடியாதவன் பிடிபடுவான். ஏட்டிலே ஒன்று, நடப்பிலே ஒன்று என்று சட்டம் இருக்கும் இடத்திலெல்லாம் கேலாங்கானாலும், பட்டாயாவானாலும், நம் ஜி.எஸ்.டி. சாலை ஓரமானாலும் நடப்பது இந்த ஒரே வியாபாரம்தான்.

சுவீடன் நாடு 1999இல் விற்பவளை விட்டுவிட்டு வாங்குகிறவனைக் குற்றவாளியாக்கியது. நார்வே 2009இல் அதையே செய்து, தன் குடிமகன் வெளிநாடு சென்று வாங்கினாலும் குற்றம் என்றது. நியூசிலாந்து 2003இல் வேறு வழியே போய், குற்றம் என்பதையே நீக்கியது. எந்த வழி சிறந்தது என்று வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஏட்டிலே எழுதியதைத் தெருவிலும் செய்ய முனைந்தார்கள். நாமோ எழுதியதைச் செய்வதில்லை, செய்வதை எழுதுவதில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை.

ஒன்று: ஒரே குற்றத்துக்குப் பெண்ணுக்கு 6 மாதம், ஆணுக்கு 3 மாதம் என்று சொல்லும் அந்த வரி ஒழிய வேண்டும்.

இரண்டு: ஒரு விடுதியில் சோதனை நடந்தால், முதல் குற்றவாளியாகத் தரகனும் உரிமையாளனும் நிற்க வேண்டும். "தேடி வருகிறோம்" என்ற பல்லவி போதும். ஆண்டு முடிவில் எத்தனை பெண்கள் பிடிபட்டனர், எத்தனை உரிமையாளர்கள் தண்டனை பெற்றனர் என்ற இரு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரசு வெளியிடட்டும்.

மூன்று: பிடிபட்ட பெண்ணின் படம் எந்த ஏட்டிலும் வரக்கூடாது.

நான்கு: வெளிநாடு போகும் தொழிலாளிக்கு, விமானம் ஏறுமுன் அந்நாட்டுச் சட்டமும் அந்நாட்டு வழக்கமும் தமிழிலே சொல்லித் தரப்பட வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ், அனுமதி பெற்றுப் போக வேண்டிய 18 நாடுகளின் பட்டியல் ஒன்று வகுத்தார்கள். அதிலே மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை! அந்த வெற்றிடத்தை ஏஜெண்டின் வாய்ப்பேச்சு நிரப்புகிறது. அயலகத் தமிழர் நலவாரியம் இதைக் கையிலெடுக்கட்டும்.

அரசிடம் கேட்டாயிற்று. இனி நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

கடல் கடந்து போகும் தம்பி! குடும்பத்தைப் பிரிந்து, விடுதியிலே கட்டிலுக்குமேல் கட்டில் போட்டுப் படுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்காக ஆறு நாள் உழைக்கிறாய். உன் தனிமையை நாம் அறிவோம். உன்னைப் பழிக்க வரவில்லை. ஆனால் அந்தத் தெருவிளக்கின் கீழே நிற்கிறவளும் உன்னைப் போலவே கடன் வாங்கி, ஏஜெண்டை நம்பி, ஊரிலே ஒரு தாயையோ பிள்ளையையோ விட்டு வந்தவளாக இருக்கலாம். உன் பெர்மிட்டைப் பிடித்து வைத்திருக்கும் அதே வகைக் கைதான் அவள் பாஸ்போர்ட்டையும் பிடித்து வைத்திருக்கும். அவளை விலைக்கு வாங்கப் போகிறவன், தன்னை விலைக்கு வாங்கியவனுடைய கணக்கிலேயே வரவு வைக்கிறான். இதைச் சட்டம் சொல்லிக் கொடுக்காது; நாம்தான் சொல்ல வேண்டும்.

ஊரிலே இருக்கும் தோழர்களே! அடுத்த முறை நம் வட்டாரத்திலே சோதனை நடந்தால், வாசலிலே கூடி நின்று பிடிபட்டவளின் முகத்தைப் பார்க்கத் துடிக்காதீர்கள். உரிமையாளன் யார், அவன் எங்கே என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் மிரட்டுவார்கள். நூறு பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாமல்லபுரத்து மீனவர் வலை பின்னும்போது, குஞ்சு தப்ப வேண்டும் என்று நினைத்துக் கண் வைக்கிறார். அந்த எளிய மனிதருக்கு இருக்கும் நினைப்பு சட்டம் பின்னுகிறவர்களுக்கும், அதை விரிக்கிறவர்களுக்கும் வர வேண்டும். தானாக வராவிட்டால் வரவழைப்போம்!